விளக்கு போடாத சோதனை

சித்தேரி
9.9.2024

அன்பு பானு,

அம்மாவுக்குக் கால்ல மாவுக்கட்டு போட்டாச்சு. வூட்டு வேலை, சாமைக்காட்டுக் களை எல்லாம் என் தலையில. புல்லை அறுத்தா ஒரு பச்சை வாசனை வருமே, ஆய்வகத்துல நாம கட்டி அழற அதே ஆல்கஹால்தான். இங்க ஓசியில கிடைக்குது. போன்ல சிக்னல் இல்ல, அதான் காகிதம்.

குளோரின் அணு அந்த ஆல்கஹாலை எவ்வளவு வேகமா தின்னுதுங்கிற என் கணக்கை உன்னை நம்பித்தான் விட்டுட்டு வந்தேன். வேகம் அதிகமாப் படுதுடி. கொஞ்சம் ஆல்கஹால் நாம வாயுவை அடைச்சு அளக்கற பையோட சுவர்லயே ஒட்டிக்குதோ என்னமோ. விளக்கு போட்டாத்தானே குளோரின் அணு உண்டாகுது? விளக்கு போடாம வெச்சு, எவ்வளவு குறையுதுன்னு பார்த்து, அதை என் எண்ணுல இருந்து கழிக்கணும். நான் வர்ற வரைக்கும் நம்ம கைடு சார்கிட்ட காட்டாதே. என் பட்டமே இந்த ஒரு எண்ணுலதான் நிக்குது.

உன் வெண்மதி


சென்னை
20.9.2024

மதிக்குட்டி,

விளக்கு போடாம நானே வெச்சுப் பார்த்துடறேன். நீ அம்மாவைக் கவனி, அவசரமே இல்ல. சார் ஒண்ணும் கேட்கல. வர்றப்ப மலைத்தேன் ஒரு பாட்டில் கொண்டா.

என்றும் உன் பானு


சித்தேரி
17.1.2025

பானுமதி,

அம்மா காலைக் காட்ட தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிக்னல் வந்ததும், நம்ம லேப் லூர்துமேரி அனுப்பின கட்டுரை போன்ல வந்து விழுந்துச்சு. உன் பேரு, சார் பேரு, என் எண். கடைசியில ஒரு வரி, உதவி செய்த வெண்மதிக்கு நன்றி. வராண்டாவுல உட்கார்ந்து அழுதேன். கால் உடைஞ்சது எனக்கா உனக்கான்னு அம்மா கேட்டாங்க.

விளக்கு போடாதப்ப எதுவும் குறையலன்னு எழுதியிருக்கியே, வெச்சுப் பார்த்தியா?

வெண்மதி


சென்னை
3.3.2025

மதி,

பார்க்கல. வெளிநாட்டு வேலைக்கு ஒரு கட்டுரை தேவைப்பட்டுச்சு. சாரும் அவசரப்படுத்தினார். நீயும் இங்க இல்ல.

இப்ப வேற ஒரு குழு அளந்து பார்த்திருக்காங்க. அவங்க வேகம் நம்மளுதுல பாதிகூட இல்ல. கட்டுரை போட்ட பத்திரிகையில விளக்கம் கேட்கறாங்க. திருத்தம் போடணும். அதுல உன் பேரை முதல் பேரா சேர்த்துடறோம்னு சார் சொல்லிட்டார். நீ ஆசைப்பட்டது இதுதானே? ஒரு கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புடி.

பானு


சித்தேரி
11.3.2025

பானுமதிக்கு,

எண் சரின்னு நெனச்ச வரைக்கும் நான் நன்றியில கிடந்தேன். தப்புன்னு தெரிஞ்சதும் முதல் பேரா ஆயிட்டேன். நல்லா இருக்கு உங்க நியாயம்.

கையெழுத்து போடமாட்டேன். நடந்ததைப் பத்திரிகைக்கு நானே எழுதிட்டேன். பட்டம் போனாப் போகட்டும். திங்கட்கிழமை வர்றேன். விளக்கு போடாம பையை வெச்சு, முதல்ல இருந்து அளக்கப் போறேன். அந்தப் பக்கம் நீ வராதே. சார் எம்மேல கோபப்பட்டாலும் பட்டுக்கட்டும், உம்மேல எனக்கு இருந்த நம்பிக்கை போனதைவிட அது ஒண்ணும் பெருசில்ல.

அம்மா உனக்குன்னு தேன் எடுத்து வெச்சிருக்காங்க. நடந்ததை அவங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. அதனால பாட்டிலைக் கொண்டுவர்றேன், வாங்கிக்கோ. நன்றி மட்டும் எழுதிடாதே.

வெண்மதி