அணைத்தால் கிளம்பாத கார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் குறை ஒன்றுமில்லை, நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் தேவலை, மாடி ஏறச் சொன்னால் மட்டும் வலிக்கிறது. மாமாவின் ஸ்போர்ட்ஸ் காரை நீ வாங்கி, லீவு முடிந்து அதிலேயே திரும்பிப் போவதாகச் சொன்னதிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எஞ்சினைப் பார்த்துவிடலாம் என்றதற்கு, என் தம்பி என் பொண்ணையே ஏமாத்துவானா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஏமாற்றுகிற பேச்சே இல்லை. அது ரோட்டரி எஞ்சின், மேலும் கீழும் போகிற பிஸ்டன் கிடையாது, முக்கோணமாக ஒரு ரோட்டர் உள்ளே சுழலும், அதன் முனைகளில் உள்ள சீல் தேய்ந்தால் அழுத்தம் நிற்காது, ஓட்டுகிறவருக்கே சட்டென்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் குட்டையரோடு மாமா வீட்டுக்குப் போனேன். ஆள் ஆறடி, யார் வைத்த பெயரோ. முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், பானெட்டைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. சாவியைத் திருப்பியதும் கிளம்பியது, புகையும் இல்லை, பாத்தீங்களா அத்தான் என்றார் மாமா. இரண்டே சீட் என்பதால் குட்டையரை வாசலில் விட்டு, மாமா ஓட்ட நாங்கள் மட்டும் ஒரு சுற்றுப் போனோம். வழியில் தண்ணீர் வாங்க இறங்கியவர் எஞ்சினை அணைக்கவே இல்லை. அணைச்சிட்டு மறுபடி எடுங்க என்றேன். முகம் மாறிவிட்டது. அணைத்தார். ஐந்து நிமிஷம் கழித்துத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. இருவரும் ஓரமாகத் தள்ளி நிறுத்தினோம்.

சூடு ஆறும்வரை நிற்கும்போது அவராகவே சொன்னார். சூடா இருந்தா இப்படித்தான் அத்தான், ஸ்டார்ட்டர் கோளாறுன்னு நெனச்சேன், வண்டிய விக்கிறதே எனக்கு வலது கண்ணு மங்கிப்போச்சுன்னுதான், இனி ஓட்டவே கூடாதுன்னுட்டார் டாக்டர், அக்காகிட்ட சொல்லிடாதீங்க என்றார். அதுவரை அவர் ஓட்ட, வலப்பக்க லாரிகளை எல்லாம் உரசாத குறையாகத் தாண்டி வந்தவன் நான். திரும்பும்போது நான் ஓட்டினேன்.

குட்டையர் பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் பார்த்தார், கோளாறில்லை. பிறகு ரோட்டரி எஞ்சினுக்கென்றே உள்ள, அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டினார். ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று பக்கம், மூன்றிலும் அழுத்தம் சமமாக இருக்க வேண்டுமாம். முன் ரோட்டர் சரி, பின் ரோட்டரில் ஒரு பக்கம் செத்துக் கிடக்கிறது, அதான் சூட்டுல பிடிக்கல, எஞ்சினப் பிரிச்சுத்தான் ஆகணும் சார் என்றார்.

கண் விஷயத்தை நான் அம்மாவிடம் மறைக்கவில்லை. மறுநாளே மாமாவை வேறொரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள், அவரும் அதையேதான் சொன்னார். கார் வேண்டாம் என்பதை நீயே மாமாவிடம் சொல், என் வாயால் போக வேண்டாம். வேறு எங்கே இந்த மாதிரி வண்டி பார்த்தாலும் நன்றாக ஓட்டிவிட்டு, அணைத்து, சூட்டோடு மறுபடி எடுத்துப் பார்.

எல்லா நலமும் உனக்குக் கிடைக்கட்டும். நேற்று மாமா போன் பண்ணினார். வாங்கலேன்னா போகுது, பாப்பா வந்தா ஒரு தடவை ஓட்டச் சொல்லுங்க, நான் பக்கத்துல உக்காந்து வரேன் என்றார். சரி என்று சொல்லியிருக்கிறேன். வழியில் எங்கும் அணைத்துவிடாதே.

உன் அப்பா