காது மட்டும் தெளிவாக விழுந்த படங்கள்

அப்பா,

போனவருக்குக் கடிதம் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று தெரியும். இருந்தபோது எதிரே உட்கார்ந்து நாலு வார்த்தை சேர்த்துப் பேசாதவள் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். ஒன்றைச் சொல்லாமலே இருந்துவிட்டேன், இனிமேலும் அப்படி இருக்க முடியாது போலிருக்கிறது.

இன்று காலையில் அண்ணன் உங்கள் பீரோவிலிருந்து கேமராவை எடுத்தான். லென்ஸைத் திருகி வெளியே எடுத்ததும் அந்தக் கிரீஸ் வாடை வீடு முழுக்க வந்துவிட்டது. லென்ஸைச் செய்த ரஷ்யாக்காரன் அதில் எதைத் தடவினானோ, இத்தனை வருடம் கழித்தும் போகவில்லை. நீங்கள் மில்லில் இருந்து வரும்போது சட்டையில் வரும் வாடையும் கிட்டத்தட்ட இதுதான். அம்மா அடுப்படியிலிருந்து வந்து லென்ஸை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

மேனேஜர் பங்களாவில் தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்து கொடுத்ததற்காக அவர்கள் உங்களிடம் தூக்கிக் கொடுத்த கேமரா அது. ஜெர்மனியில் செய்தது, உங்களைவிட மூத்தது. அதன் லென்ஸ் பூசணம் பிடித்து வெளுத்திருந்தது. ஜெர்மன் லென்ஸுக்கு நாம் எங்கே போவது? உக்கடத்துப் பழைய சாமான் கடையில் உடைந்து கிடந்த ரஷ்யக் கேமராவிலிருந்து லென்ஸை மட்டும் கழற்றி வாங்கி வந்தீர்கள். வாசலில் உட்கார்ந்து திருகினீர்கள். ஆடாமல், சிக்காமல் போய் உட்கார்ந்தது.

"பாத்தியா கண்ணு? மரை சேந்துபோச்சுன்னா சாமான் சேந்துபோச்சு."

முப்பது வருடம் மெஷினில் கை வைத்த ஃபிட்டர் நீங்கள். திருகின் மரை சொன்னால் உங்களுக்கு அது கோர்ட்டுத் தீர்ப்பு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்தக் கேமராவின் சின்ன ஜன்னலில் கண்ணை வைத்தால் எதிரே நிற்பவர் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி என்று அர்த்தம். ஆனால் அந்த ஜன்னல் லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை. லென்ஸ் எவ்வளவு நகர்ந்தது என்று உள்ளே ஒரு சின்ன நெம்புகோல் தொட்டுப் பார்த்துச் சொல்கிறது, அதை அப்படியே நம்புகிறது. ஜெர்மன்காரன் போட்ட கணக்கு ஒன்று, ரஷ்யாக்காரன் போட்ட கணக்கு வேறொன்று. வித்தியாசம் மயிரிழைதான். தூரத்தில் இருக்கும் மருதமலை ஒழுங்காக விழும். முகத்துக்குக் கிட்டே போனால் தெளிவு இரண்டு அங்குலம் பின்னால் போய்விடும். நீங்களோ கிட்டேதான் போவீர்கள். லென்ஸின் வாயைக் குறுக்கி வைத்தாலாவது தப்பு கொஞ்சம் மறையும். "இத்தனை கண்ணாடிய வெச்சுப்போட்டு எதுக்கு மூடறது?" என்று முழுக்கத் திறந்தே வைப்பீர்கள்.

அதனால் நம் வீட்டு ஆல்பத்தில் எல்லோருக்கும் காது தெளிவு, கண் புகை. அம்மாவின் தோட்டில் கல்லை எண்ணலாம். அவள் சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்று சொல்ல முடியாது.

சித்தப்பாதான் முதலில் வாய் திறந்தார். "ஏனுங்கண்ணா, நம்மூட்ல யாருக்கும் கண்ணே இல்லீங்களா?"

"நீ அசைஞ்சுபோட்டே."

"சரிங்க, நான் அசைஞ்சேன். அய்யனார் கோயில் குதிரையுமுங்களா அசைஞ்சுது? அதுக்கும் காதுதானுங்க நல்லா உளுந்திருக்குது."

நீங்கள் அந்தப் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தீர்கள். "அப்ப நான் அசைஞ்சிருப்பேன். லென்ஸு மேல குத்தஞ் சொல்லாத" என்றீர்கள். யார் அசைந்திருந்தாலும் காதும் சேர்ந்துதானே கலைந்திருக்கும்? அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருக்கலாம். அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம் பிசிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். நோட்டில் படம் போட்டுக் கணக்கும் பார்த்துவிட்டேன். ஆனால் நீங்கள் ஓவர்டைம் பார்த்துப் படிக்கவைத்த படிப்பை வைத்துக்கொண்டு உங்களிடமே தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஃபிலிம் கழுவித் தரும் காந்திபுரம் ஸ்டுடியோக்காரர் ஒருநாள் உங்களிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். நானும் கூட நின்றேன்.

"ரெண்டு நாட்டுக்காரன் அளவும் ஒண்ணு கெடையாதுங்க. கிட்டத்துல எடுத்தா பின்னால போயிருமுங்க."

"மரை சேருதுங்களே."

"மரை சேருமுங்க."

"அப்பறம் என்னங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பெரிய தப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தீர்கள். "ஒண்ணு எடு பாக்கலாம்" என்று கேமராவைக் கொடுத்தீர்கள். தெளிவு இரண்டு அங்குலம் பின்னால் போகும் என்றால் இரண்டு அங்குலம் முன்னால் பார்த்தால் போயிற்று. ஜன்னலில் உங்கள் மூக்கு நுனியை ஒன்றாக்கி வைத்து அமுக்கினேன். தெளிவு கண்ணில் போய் விழுந்தது. புருவத்து நரை ஒவ்வொன்றும் தெரிகிறது. கருவிழியில் வாசல் கதவு தெரிகிறது.

அந்தப் படத்தை மில்லுக்குக் கொண்டுபோய்க் காட்டினீர்கள். சித்தப்பாவிடம் காட்டினீர்கள். ஸ்டுடியோக்காரரிடம் மேஜைமேல் வைத்து, "லென்ஸு சரியில்லைன்னீங்களே, இதென்னங்க?" என்றீர்கள். அவர் படத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் என்னைத்தான் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் மறுபடியும் தரையைப் பார்த்தேன். உங்கள் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் இல்லை.

அதற்கான பலனைப் பட்டமளிப்பு அன்று அனுபவித்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கருப்பு கவுனோடு வராந்தாவில் நின்றேன். ஸ்டுடியோ ஆட்கள் வரிசையாக எல்லோரையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். "வேண்டாமுங்க, எங்ககிட்டயே ஜெர்மன் கேமரா இருக்குதுங்க" என்று நீங்கள் அவர்களை அனுப்பிவைத்தீர்கள். கிட்டே வந்து நின்று, கை நடுங்காமல், மூச்சைப் பிடித்து எடுத்தீர்கள். நம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளுக்கு இரண்டு காதும், ஒரு கவுன் காலரும் மிக அழகாக விழுந்திருக்கின்றன. "அடடா, கண்ணு, அசைஞ்சுபோட்டயே" என்றீர்கள். "ஆமாங்கப்பா" என்றேன். அந்த ஆமாங்கப்பாவை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

நீங்கள் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. நான் எடுத்த படம்தான் பெரிதாக்கி மாலையோடு சுவரில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் கண் பேசுகிறது என்கிறார்கள். "அந்த லென்ஸு அப்படிங்க. அவரு சொன்னா ஆரு கேட்டா?" என்று அம்மா ஒவ்வொருவரிடமும் சொல்கிறாள். யாரிடமும் அதிகம் பேசாத நான், பேச நேர்ந்தால் இப்போதும் எதிராளியின் மூக்கைத்தான் முதலில் பார்க்கிறேன். அலுவலகத்தில் அதைக் கர்வம் என்று நினைக்கிறார்கள்.

தை மாதம் அண்ணனுக்குக் கல்யாணம். வெள்ளகோவில் பெண். ஸ்டுடியோக்காரர் வேண்டாம், உங்கள் கேமராவில் சித்தப்பா எடுக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். "அவரு கேமரா அங்க இருந்தா அவரே நின்னு பாக்கற மாதிரி" என்கிறாள். மாப்பிள்ளையின் தங்கை இருந்து செய்யும் இணைச்சீருக்கு அண்ணன் பக்கத்தில் உட்கார வேண்டியவள் நான், தாலி கட்டும்போது பின்னால் நிற்க வேண்டியவளும் நான். கேமராவை நான் பிடிக்க முடியாது. மூக்கு வித்தையைச் சித்தப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்றால், சொன்ன நிமிடமே லென்ஸ் தப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் காலம் முழுக்கத் தன் கல்யாணப் படத்தில் பின்னால் நிற்கும் நாயனக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆகவே நாளைக் காலையில் அம்மாவிடம் சொல்லப்போகிறேன். லென்ஸ் தப்பு, சுவரில் இருக்கும் படம் என் தந்திரம் என்று. கேமராவைச் சித்தப்பா கழுத்தில் மாட்டிக்கொண்டு மணமேடைப் பக்கத்தில் நிற்கட்டும், படத்தை ஸ்டுடியோக்காரர் எடுக்கட்டும் என்று கேட்கப்போகிறேன். அம்மா முதலில் சுவரைப் பார்ப்பாள். அப்புறம், "அவரு இல்லைன்னதும் குத்தஞ் சொல்றயா அம்மணி?" என்பாள்.

ஃபீஸைத் தவிர உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். அம்மாவின் கனவில் அடிக்கடி வருகிறீர்களாம், வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போகிறீர்களாம். அம்மா குறைப்பட்டுக்கொள்கிறாள். இன்றைக்கு வந்தால் அப்படிப் போய்விடாதீர்கள். புள்ள சொல்றது சரிதான் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், அப்பா.