கடைசி வீட்டுக் குழாய்

பிரியமுள்ள என் கோமு மதினிக்கு,

அம்பாள் பக்கத்தில் சுகமாக இருப்பீர்கள். இங்கே எல்லாரும் நலம். உங்கள் மகன் சங்கர் மட்டும் என்மேல் கொஞ்சம் கோபமாக இருந்தான். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று அவன் என்னைப் பற்றிக் கோள் சொல்வதற்குள் நானே முந்திக்கொண்டு எழுதிவிடுகிறேன்.

நீங்கள் இருந்தவரைக்கும் நகராட்சி விஷயம் எதுவானாலும் "கோமு பாத்துக்கிடுவா" என்று தெருவே நிம்மதியாகக் கிடந்தது. நானும் அப்படித்தான். ஓட்டுப் போட்டு, விரலில் மையோடு வந்து உலை வைத்தால் என் கடமை முடிந்தது. நீங்கள் போன பிறகு, வார்டுக் குறைகளைக் கேட்கும் பகுதி சபைக் கூட்டம் வந்தது, போனது. நம் தெருவில் இருந்து ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

தெருக்கோடி வீட்டு மும்தாஜை நினைவிருக்கிறதா, கடையநல்லூரில் இருந்து வாக்கப்பட்டு வந்த பிள்ளை? தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். குழாயில் தண்ணீர் எந்த நாள், எந்த நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் கடைசி வீடான அவள் வீட்டில் நூல் மாதிரிதான் ஒழுகும். குடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தே பாதி நாள் லீவு போட்டாள். "இன்னொரு நாள் வரலேன்னா வேற ஆளு பாத்துக்கிடுதேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். என்னிடம் வந்து அழுதாள். என்ன செய்வேன் மதினி? கோமு பார்த்துக்கொள்வாள் என்று இனிமேல் யாரிடம் சொல்வது?

நானே மனு எழுதினேன். பால் கணக்கு எழுதிப் பழகிய கைதானே. தண்ணீர் திறக்கும் நேரத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டும், கடைசி வீடுவரை வர வேண்டும், இவ்வளவுதான் கேட்டேன். வழக்கம்போல அம்பாள் பாதத்தில் வைத்து வாங்கி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொண்டுபோய் அடுத்த கூட்டத்தில் கொடுத்தேன். கவுன்சிலர் அண்ணாச்சி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏக்கா, இது மனுவா, கல்யாணப் பத்திரிகையா? தாம்பூலத்தக் காணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுச் சொன்னேன்: "தண்ணி வரட்டும் அண்ணாச்சி, தாம்பூலம் என்ன, சாப்பாடே போடுதேன்."

அவர் மனுவை முழுக்கப் படித்தார். "நேரத்தச் சொல்லிப்புடலாம், அது எங்க வேல. ஆனா கடைசி வீட்டுக்கு எப்படிக்கா ஏறும்? உங்க தெருவுல மோட்டாரு வச்சுல்லா உறிஞ்சுதாங்க! அது யாருன்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

எல்லாருக்கும் தெரியும் மதினி. நம் தெருவில் குழாயில் முதல் முதலாக மோட்டார் மாட்டியது உங்கள் மகன். முன் வரிசையில் உட்கார்ந்து மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூடவே வந்திருந்த மும்தாஜ் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம்க்கா, விட்டுருங்க. ஒரே தெருவுல இருக்கோம்."

சங்கர் என் இடுப்பில் இருந்து வளர்ந்த பிள்ளை. அவனை எப்படி நாலு பேர் முன்னால் சொல்வது? சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளையின் வேலை போய்விடும். கவுன்சிலரைக் கேட்க வாய் இருக்கிறது, நம் பிள்ளையைக் கேட்க மட்டும் வாய் இல்லை என்றால் அது என்ன நியாயம்?

"ஏலே சங்கரு, நீயே சொல்லிருதியா, இல்ல நான் சொல்லட்டுமா?"

"அத்தை! சொந்த மருமவனையே போட்டுக் குடுக்கியளே! எங்கம்மா இருந்தா இப்படி விடுவாளா?"

"உங்கம்மா இருந்தா மோட்டாரோட சேத்து உன்னையும் தூக்கித் தெருவுல வச்சிருப்பா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவன் முகம் சிவந்துபோய் எழுந்து நின்றான். "நான் மட்டுமா வச்சிருக்கேன்? என்னப் பாத்துதான வடக்கு வீட்டு அண்ணாச்சி வச்சாரு. அவரப் பாத்து எதுத்த வீட்டு டீச்சரு வச்சாங்க. கையத் தூக்குங்கவே!" என்றான். ஒவ்வொரு கையாகத் தயங்கித் தயங்கி மேலே வந்தது. கடைசியில் நம் தெருவில் மோட்டார் இல்லாத வீட்டை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது மதினி! எல்லாரும் கழற்றுவது என்று அங்கேயே பேசி முடித்தோம். நேரத்தை முதல் நாளே சொல்லிவிடுவதாகக் கவுன்சிலரும் ஒப்புக்கொண்டார்.

அம்பாளிடம் கேட்கும்போது தந்தாலும் சரி, தராவிட்டாலும் சரி என்று கும்பிட்டுவிட்டு வருவேன். நகராட்சியில் அப்படிக் கும்பிட்டுவிட்டு வரக்கூடாது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அங்கே கேட்கவும் வேண்டும், நம் பங்கைச் செய்யவும் வேண்டும், அதற்குப் பிறகு நடக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும். நீங்கள் ஒற்றை ஆளாக எப்படித்தான் பார்த்தீர்களோ!

அடுத்து தண்ணீர் வந்த அன்று காலையில் தெருவே வாசலில் நின்றது. கோடியில் இருந்து மும்தாஜ் போட்ட சத்தம் கோபுரத்துக்கே கேட்டிருக்கும்: "வருதுக்கா! நல்லா வருது!" குடங்களை நிரப்பிவிட்டு வேலைக்கு நேரத்தோடு போனாள்.

உங்கள் மகனும் மனம் இளகிவிட்டான். "அத்தை, மோட்டாரு இல்லாம என் குடம் நெறையிறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுரலாம் போல" என்று வாசலில் இருந்தே கத்தினான். "போடு ராசா, நான் எழுப்பி விடுதேன்" என்றேன்.

நேற்று, சொன்ன நேரம் தப்பிவிட்டது. முன்பு என்றால் முணுமுணுத்துவிட்டு உள்ளே போயிருப்போம். மும்தாஜ் வந்து, "அடுத்த கூட்டத்துல இத நான் கேக்கேன்க்கா, நீங்க சும்மா இருங்க" என்றாள்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மதினி. அன்றைக்கு அவள் பேசி முடிக்கும்வரை, முந்திரிக்கொட்டை மாதிரி நான் குறுக்கே விழமாட்டேன்.

கூப்பிட்டுக் கூப்பிட்டே சொந்தமான,
உங்கள் அடுத்த வீட்டு நாத்தனார்
சண்முகத்தாய்
சங்கரன்கோவில்