வழுவழுப்புக்குள் சக்கரங்கள்

12 நவம்பர் 1983, சனி
இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள், நோட்டே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். மூக்கடைப்பு. ஒவ்வொரு மூச்சாகக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். மதியத்திலிருந்து எங்கள் ஊர் குனோங் ராபாட் முழுக்க மழை.

மீன்கள் இன்றும் இரை எடுக்கவில்லை. செமோரில் மூடிய எஸ்டேட்டின் ரப்பர் பால் தொட்டிகளில்தான் எங்கள் கெளுத்திகள். சுவரில் உரசுகின்றனவாம், மேலே வந்து தொங்குகின்றனவாம். இதுவும் போனால் மறுபடி சிங்கப்பூர் வேலைதான் என்றார் இவர், சட்டையைக் கழற்றிக்கொண்டே. பாப்பா பிறந்தபோதும் அங்கேதான் இருந்தார். நான் சட்டையை வாங்கி உலர்த்தப் போட்டேன்.

கல்லூரியில் படித்தது ஞாபகம் வந்தது. மீனின் நோயை அறிய அதை அறுக்க வேண்டாம், மேலிருக்கும் வழுவழுப்பைச் சுரண்டிப் பார்த்தால் போதும். பக்கத்து வீட்டு டீச்சரிடம் மைக்ராஸ்கோப் இரவல்.

13, ஞாயிறு
வெயில். கொழுந்தன் செல்வம் வாளியில் ஒரு மீன் கொண்டுவந்தான். மேலே சுரண்டி, மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. நோய் இல்லை என்று இவரிடம் சொல்லிவிட்டேன். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார்.
வாங்க: பால்மாவு, சளி மருந்து, கொசுவத்தி.

14, திங்கள்
காலையில் செத்து மிதந்தவை ஒரு வாளி. இல்லை என்று சொன்னவள் நான். செல்வத்திடம் நேற்று மீனை எப்படிப் பிடித்தாய் என்று கேட்டேன்.

"பொம்பளைங்க கைல வழுவழுன்னு மீனக் குடுப்பாங்களா அண்ணி? சாம்பல் போட்டு நல்லா தேச்சுத்தான் கொண்டாந்தேன்லா."

கோபிக்க முடியவில்லை. சமைக்கக் கெளுத்தி என்றால் எங்கள் எல்லோருக்கும் முதலில் சாம்பல்தானே. நான் பார்க்க வேண்டியதையே மரியாதைக்காகக் கழுவிவிட்டான்.

பாப்பாவையும் மைக்ராஸ்கோப்பையும் தூக்கிக்கொண்டு நானே செமோருக்கு. கையை நனைத்து மீனைப் பிடித்து, மழுங்கிய கத்தியால் மெல்ல ஒரு இழுப்பு. தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

சக்கரங்கள். உயிருள்ள சக்கரங்கள். நடுவில் பல் பல்லாக ஒரு வளையம், சுழன்று, சறுக்கி, திரும்பிச் சுழன்று. ஒரு சொட்டுக்குள் ஒரு திருவிழாக் கூட்டம். மீனைக் கொல்வது இவைதான் என்று தெரிந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை. இவரும் குனிந்து பார்த்தார்.

"இத்தன நாளா இது மேலயேவா இருந்துச்சு?"

உள்ளே என்ன என்று நாம் பயந்துகொண்டிருக்க, மீன் தன் மேலெல்லாம் பூசிக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பாப்பாவின் மூக்கைத் துடைக்கப் போன கை ஒரு கணம் நின்றது. பிறகு மெதுவாகத் துடைத்தேன்.

சாயங்காலமே மீன்களுக்கு உப்புத் தண்ணீர்க் குளியல்.

16, புதன்
மறுபடி மழை. இன்று ஒன்றும் சாகவில்லை. சொட்டில் சக்கரங்கள் குறைவு, சில நின்றுபோய்க் கிடந்தன. இரை கொஞ்சம் எடுக்கின்றன. உலர்ந்த கையோடு மீனைத் தொடப் போன இவரைச் செல்வம் அதட்டினானாம்: "தேய்க்காதண்ணே, அதோட சட்டைலா அது."

பாப்பா வாயை மூடித் தூங்குகிறாள். சிங்கப்பூர்ப் பேச்சு இல்லை. ஆனால் பயணத்துக்கென்று கட்டிலுக்கு அடியில் இவர் எடுத்து வைத்த பெட்டி அங்கேயே.

பினாங்கில் மீன் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் கல்லூரித் தோழி மேரிக்கு நாளை இதைத்தான் எழுத வேண்டும்: மேரி, பார்த்ததை வரைந்து அனுப்புகிறேன். இதன் பெயர் என்ன? உப்பு மட்டும் போதுமா? சீக்கிரம் பதில் போடு.