முப்பது கெஜம்

ஆகஸ்ட் 27

தோள் டாக்டரிடம் போய் வந்தேன். புது மூட்டு நன்றாகப் பொருந்திவிட்டதாம். கார் ஓட்டலாம், தோட்டம் கொத்தலாம், கணவனை அடிக்கலாம். ரைஃபிள் மட்டும் கூடாது.

"இந்த வருஷமா, எப்பவுமா?" என்று கேட்டேன்.

"எப்பவுமேதான். கட்டையைத் தோள்ல வச்சு ஒரு தடவை சுட்டாலும் திரும்ப என்கிட்டதான் வருவீங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இடது தோளில் வைத்துச் சுடலாம் என்றால் என் இடது கண் பிறவிச் சோம்பேறி. வில்லை இழுக்கக் கையில் வலு இல்லை. நவம்பர் பதினைந்து, மான் வேட்டை தொடங்கும் நாள், விடிகிறபோது ஊரே காட்டில் இருக்கும். நான்?

ஆகஸ்ட் 30

ரெய்னோ அண்ணன் சாப்பிட வந்தான். சேதியைச் சொன்னேன். இவ்வளவு சீக்கிரம் அவன் பரணைப் பற்றிப் பேசுவான் என்று நினைக்கவில்லை.

மின்கம்பிப் பாதையைப் பார்த்தபடி இருக்கிற வேட்டைப் பரண் என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னுடையது. எங்கள் மான் வேட்டைக் கேம்ப்பில் ஒரு வழக்கம் உண்டு: வேட்டை தொடங்கும் நாள் காலையில் யார் தன் பரணில் உட்காரவில்லையோ, அவருடைய பரண் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள் ரெய்னோவின் மருமகன் பிரைஸ். எங்கள் பகுதியைத் தென்கரையோடு சேர்க்கிற பெரிய பாலத்துக்குத் தெற்கே பிறந்தவன். பாலத்துக்கு அடியில் வசிப்பவை பூதங்கள் என்று இங்கே சின்னக் குழந்தைகூடச் சொல்லும். அந்தப் பூதத்துக்கு என் பரணா?

"துப்பாக்கி இல்லன்னா என்ன, அடுப்பு இருக்கே" என்றான் ரெய்னோ. "இறைச்சி வச்சு நீ சுடற பாஸ்டிக்கு எந்த மான் ஈடாகும்?"

என் கணவர் வெர்னர் வேட்டைக்குப் போகாதவர். நாளிதழை மடிக்காமலேயே, "கைத்துப்பாக்கியால மான் சுடறவங்க இருக்காங்களே" என்றார்.

ரெய்னோ வாயில் இருந்த காப்பி மேஜையெல்லாம் தெறித்தது. சிரித்து முடித்துவிட்டு, "என்கிட்ட நாப்பத்திநாலு மேக்னம் ரிவால்வர் ஒண்ணு கெடக்கு. கொண்டாந்து தரேன். தாங்கினா நீ வேட்டைக்காரி. தாங்கலன்னா சமையல்காரி" என்றான்.

கொண்டு வா, பார்க்கலாம்.

செப்டம்பர் 6

சரளைக் குழியில் பயிற்சி. இருபத்தைந்து கெஜத்தில் ஒரு காகிதத் தட்டை மரத்தில் அடித்து வைத்தோம். மானின் நுரையீரல் ஏறக்குறைய அந்த அளவுதான். தட்டுக்குள் விழுகிற குண்டு மானைச் சாய்க்கும். வெளியே விழுகிற குண்டு அதைச் சித்திரவதை செய்யும். கணக்கு அவ்வளவுதான்.

முதல் வெடியிலேயே துப்பாக்கி நெற்றிக்கு நேரே எழும்பியது. பல் கிட்டித்துக்கொண்டது. ஆறு தோட்டாவில் இரண்டுதான் தட்டில் விழுந்தது.

"பழகப் பழக வரும்" என்றான் ரெய்னோ. அவனைச் சுடச் சொன்னேன். கை வலி என்று சொல்லிவிட்டான்.

செப்டம்பர் 9

தட்டில் ஒன்று.

செப்டம்பர் 13

தட்டில் ஒன்றுமே இல்லை. பழகப் பழக வரும் என்றானே, போய்க்கொண்டல்லவா இருக்கிறது?

செப்டம்பர் 14

இன்று வெர்னரைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் அந்தப் பக்கம் திரும்பி நிற்பேன். அவர் உருளையில் சில அறைகளில் தோட்டாவும் சில அறைகளில் சுட்டு முடித்த வெற்றுக் கூடும் போட்டு என்னிடம் தருவார். எது எங்கே என்று எனக்குத் தெரியாது. எப்போதோ கேள்விப்பட்ட பரிசோதனை இது.

முதலாவது வெடித்தது. இரண்டாவதில் சுத்தி வெற்றுக் கூட்டின் மேல் 'டிக்' என்று விழுந்தது. வெடிக்காத துப்பாக்கி என் கையில் முன்பக்கம் சடாரென்று தலை குனிந்தது. வரப்போகிற உதைக்கு முன்கூட்டியே நான்தான் அதைக் கீழே அழுத்தியிருக்கிறேன். கண்ணையும் மூடியிருக்கிறேன், அதுவும் எனக்குத் தெரியாமலே.

"ஐலி, நீ பயப்படறே" என்றார் வெர்னர். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது.

ஆமா, பயந்துட்டேன். என்ன இப்போ? இத்தனை வருஷம் காட்ல கெடந்தவ ஒரு சத்தத்துக்குப் பயந்துட்டா. எழுதியாச்சு. போதும்.

செப்டம்பர் 16

நேற்றெல்லாம் யோசித்தேன். நாப்பத்திநாலு மானைக் கொல்லப் போதுமா என்றால் போதும், காட்டெருமைக்கே போதும். ஆனால் என் கையில் அது தட்டுக்கு வெளியே அல்லவா போகிறது? தப்பான இடத்தில் பட்ட பெரிய குண்டைவிடச் சரியான இடத்தில் பட்ட சின்னக் குண்டு மேல். இது தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் ரெய்னோ சிரிப்பானே என்று அந்தப் பூதாகாரமான துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

துப்பாக்கியை அவன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அவன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனேன். அந்த அளவுக்குத்தான் எனக்குத் தைரியம்.

செப்டம்பர் 20

டெல்மாவின் துப்பாக்கிக் கடையில் .357 மேக்னம் ரிவால்வர் ஒன்று வாங்கினேன். நாப்பத்திநாலைவிடச் சின்னக் குண்டு. குழல் ஆறு அங்குலம். உடம்பு கனமானது, கனம் இருந்தால் உதையைத் துப்பாக்கியே பாதி விழுங்கிவிடுகிறது. என் வயதுக்குக் குறிமுள் தெரிந்தால் மான் மங்குகிறது, மான் தெரிந்தால் குறிமுள் மங்குகிறது. அதனால் மேலே சிவப்புப் புள்ளி காட்டும் சின்னக் கண்ணாடி ஒன்றும் பொருத்திக்கொண்டேன்.

தோட்டா கேட்டதற்கு, "இதான் நல்லா விக்குது" என்று ஒரு பெட்டியைத் தள்ளினாள். முனை குழிந்த, எடை குறைந்த குண்டு.

"இது மானுக்கா?"

"மனுஷனுக்குத்தான் வாங்கறாங்க. மானுக்கு மட்டும் ஆகாதா என்ன?" என்றாள் டெல்மா.

செப்டம்பர் 27

ஆகாது. காலி பால் குடுவைகளில் தண்ணீர் நிரப்பி, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வைத்துச் சுட்டுப் பார்த்தோம். டெல்மாவின் குண்டு முதல் குடுவையைப் பட்டாசாக வெடித்துச் சிதறடித்தது. வெர்னருக்கு ஒரே குஷி. ஆனால் குண்டு மூன்றாவது குடுவையிலேயே பூப்போல மலர்ந்து செத்துக் கிடந்தது. வீட்டுக்குள் நுழைகிற திருடனுக்கு அது சரி. சுவர் தாண்டிப் போகக் கூடாது. மானுக்கு அப்படியில்லை. எலும்பில் பட்டாலும் உள்ளே போக வேண்டும், இரண்டு நுரையீரலையும் துளைத்து மறுபக்கம் வெளியே வர வேண்டும். வெளியே வந்தால்தான் ரத்தத் தடம் விழும். தடம் இல்லாமல் சதுப்புக்குள் மானைத் தேடுவது யாரால் ஆகும்?

எடை கூடிய, முனை தட்டையான, கெட்டி ஈயக் குண்டு வாங்கி வந்து சுட்டேன். எல்லாக் குடுவைகளையும் துளைத்து மண்மேட்டுக்குள் போய்விட்டது. வெர்னருக்கு ஏமாற்றம், எனக்குத் திருப்தி. தோட்டா மாறியதும் அடி படும் இடமும் நாலு விரல்கடை மேலே போய்விட்டது. புள்ளியை மறுபடி சரிசெய்ய வேண்டும்.

அக்டோபர் 12

உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் முழங்காலில் ஊன்றிச் சுட்டால், முப்பது கெஜத்தில் ஆறும் தட்டுக்குள். தொடர்ந்து நாலு நாளாக இப்படித்தான். வெற்றுக் கூடு வந்தாலும் துப்பாக்கி ஆடவில்லை.

நாற்பதில் நாலுதான் விழுகிறது. அந்த இரண்டு எங்கே போகிறது? ஒன்று குடலுக்கு, ஒன்று தொடைக்கு.

ஆக, என் கை முப்பது கெஜம்.

அக்டோபர் 13

விடியற்காலையில் முழிப்பு வந்தபோதுதான் உறைத்தது. மின்கம்பிப் பாதையில் மான் குறுக்கே போகிற இடம் என் பரணிலிருந்து அறுபத்தைந்து கெஜம்.

இத்தனை நாளும் இது எப்படித் தோன்றாமல் போயிற்று? துப்பாக்கி தேர்ந்தெடுத்தேன், குண்டு தேர்ந்தெடுத்தேன். இடம் மட்டும் என் சொத்து என்று இருந்துவிட்டேன். அது ரைஃபிள்காரியின் இடம்.

வெர்னரிடம் சொல்லவில்லை. ரெய்னோவிடம் சொல்லவே மாட்டேன்.

நவம்பர் 14

கேம்ப். ரெய்னோ, பிரைஸ், பக்கத்து நிலத்துக்காரர் கஸ், நான். சௌனா என்கிற நீராவி அறையில் எல்லோரும் முறை வைத்துக் குளித்தாயிற்று. சுவரில் வெட்டுப்பட்ட சட்டை நுனிகள் வரிசையாக ஆணியில் தொங்குகின்றன. மானைக் குறி தவறவிட்டவன் சட்டையின் பின்நுனியை இழக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். என்னுடையதும் இரண்டு தொங்குகிறது. ரெய்னோவுடையது சமீபத்தில் எதுவுமில்லை. இரண்டு வருஷமாக அவன் சுடவே இல்லை. மான் கண்ணில் படவில்லை என்கிறான்.

"பொம்மைத் துப்பாக்கி எப்படி இருக்கு?" என்று என் இடுப்பைப் பார்த்துக் கேட்டான்.

"கடிக்கும், தள்ளி நில்லு" என்றேன்.

நாளை பரணில் உட்காருவேன். உட்கார்ந்தால் போதும், பரண் எனக்குத்தான். சுட வேண்டும் என்று யார் சொன்னது?

நவம்பர் 15

வெளிச்சம் நன்றாக வந்த பிறகு அது வந்தது. எட்டுக் கிளைக் கொம்பு. பாதையின் நடுவில், நான் அளந்து வைத்திருக்கிற அதே அடிமரத்துக்குப் பக்கத்தில், விலாவை முழுசாகக் காட்டிக்கொண்டு நின்றது. கை தானாக எழும்பியது. சிவப்புப் புள்ளி அதன் முன்காலுக்குப் பின்னால் உட்கார்ந்தது, எழுந்தது, வயிற்றுக்குப் போனது, திரும்பி வந்தது. விசையில் விரல் வைத்துவிட்டேன். சுட்டால் பட்டாலும் படும். படும் என்று எனக்குள்ளேயே ஒருத்தி நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

இறக்கிவிட்டேன். மான் இன்னும் கொஞ்ச நேரம் மேய்ந்துவிட்டுப் போனது. நல்ல காரியம் செய்த நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் வந்தது.

எதிர் மேட்டிலிருந்து பிரைஸ் தொலைநோக்கியில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். சாப்பாட்டு மேஜையில் போட்டு உடைத்தான். "நின்னுச்சு மாமா, சும்மா நின்னுச்சு. அத்தை கையத் தூக்கினாங்க, அப்புறம் எறக்கிட்டாங்க. எங்களுக்கெல்லாம் அப்படி ஒண்ணு வந்து நிக்க மாட்டேங்குது."

ரெய்னோ எழுந்துபோய்க் கத்தரிக்கோலை எடுத்தான்.

"தப்பவிட்டாத்தான்யா வெட்டணும். இந்தப் பொண்ணு சுடவே இல்லையே" என்றார் கஸ்.

"சுடாம விட்டா ரெண்டு பங்கு வெட்டணும். அவ்வளவு தூரம் கஷ்டப்பட்டு மான் வந்திருக்கு, அதுக்கு ஒரு மரியாதை வேணாமா? திரும்பு ஐலி."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுரீரென்றது. ஒரு சிரிப்பு சிரித்துச் சட்டையைக் காட்டியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நாளைக்கும் அதே பரணில் ஏறி, வருகிற மானையெல்லாம் வேடிக்கை பார்த்திருக்கலாம்.

"என் கை முப்பது கெஜம்தான்" என்றேன். "அது நின்னது அறுபத்தஞ்சு. உன் நாப்பத்திநாலை என்னால தாங்க முடியல, பயந்து போய்ட்டேன். அதான் உன் வீட்டு வாசல்ல வச்சுட்டு ஓடினேன். அந்தப் பரண்ல எனக்கு வேலை இல்ல. பிரைஸ் ஏறிக்கட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. பிரைஸின் முகம் சிவந்துவிட்டது. ரெய்னோ கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு, விறகு எடுக்கப் போகிறேன் என்று வெளியே போனான். விறகுப் பெட்டி நிறைந்துதான் இருந்தது.

நவம்பர் 16

ஓடையோரத் தேவதாருப் புதரில், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். மூக்குக்கு அப்பால் எதுவும் தெரியாத இடம் என்று யாரும் அங்கே உட்காருவதில்லை. அளந்து பார்த்தேன், எந்தப் பக்கமும் இருபத்தைந்துக்கு மேல் பார்வை போகாது. எதுவும் வரவில்லை. குளிர். ஆனாலும் அந்த நச்சரிப்பு இல்லை.

நவம்பர் 17

வந்தது. கிளைவிடாத இளம் கொம்பு. முதலில் காது, பிறகு ஒரு கால், பிறகு முழு மான். பதினெட்டு கெஜம் இருக்கும். மரத்துக்குப் பின்னால் அதன் தலை மறைந்தபோது கையை உயர்த்தினேன். புள்ளி உட்கார்ந்தது, அசையவில்லை. வெடித்த சத்தம் எனக்குக் கேட்டதாகவே நினைவில்லை.

எகிறி ஓடியது. வழக்கப்படி அரைமணி நேரம் வாளியிலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் துளை, நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம். பத்தடிக்கு ஒருமுறை தடம். ஓடைக்கு இந்தப் பக்கமே விழுந்து கிடந்தது. அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு அழுதேன். ஒவ்வொரு வருஷமும் அழுவேன். இந்த வருஷம் கொஞ்சம் கூடுதல்.

சத்தம் கேட்டு ரெய்னோ இழுக்க உதவிக்கு வந்தான். "தடம் எங்க?" என்று கேட்டான். ரத்தத்தை மிதித்துக்கொண்டு நின்றபடி கேட்டான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்து, "கண்ணத் தொறந்து பாரு" என்றேன். 

நவம்பர் 20

கேம்ப்பைப் பூட்டிக் கிளம்பினோம். சாயங்கால வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. ரெய்னோ தன் வண்டிச் சாவியை என்னிடம் நீட்டினான். அப்பா கேட்டபோதுகூடக் கொடுக்காதவன்.

"தோள் பரவால்லதானே? நீ ஓட்டு."

ஓட்டினேன். வளைவு தாண்டியதும், "மெதுவா, மெதுவா. வலது பக்கம் மான் நிக்குது பாரு" என்றான்.

பார்த்தேன். "அது தபால் பெட்டிண்ணா."

 அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மான் கண்ணில் படவில்லை என்று இரண்டு வருஷமாகச் சொன்னானே, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். இந்தக் கண்ணோடுதான் நாங்கள் எல்லோரும் நடமாடுகிற காட்டில் ரைஃபிளோடு உட்கார்ந்திருந்தான். சுடாமல் உட்கார்ந்திருந்தான். என் சட்டையை வெட்ட வந்தவன்.

திட்ட வேண்டும் என்று வாய் வரை வந்தது. திரும்பிப் பார்த்தால், மடியில் கை வைத்துக்கொண்டு அப்பாவின் வயதில் உட்கார்ந்திருக்கிறான்.

நெடுஞ்சாலைக்கு வந்த பிறகு கேட்டான். "அன்னிக்கு அவங்க எல்லார் முன்னாடியும் — முப்பதுன்னு — எப்படி சொன்னே?"

"வாயத் தொறந்து சொன்னேன்" என்றேன்.

அவன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். இறங்கும்போது தன் ரைஃபிளை என்னிடமே விட்டுவிட்டுப் போனான்.