அழைப்பிதழில் செத்துப்போனவர்

2003, ஆடி 5, திங்கள்

காற்று. கொடியில் துணி நிற்கவில்லை. இரண்டு முறை மண்ணில் விழுந்து, இரண்டு முறை அலசினேன். வாங்கியது: தேங்காய் 2, கற்பூரம், துவரம் பருப்பு அரைக் கிலோ. பருப்பு மறுபடி ஏறிவிட்டது.

மதியம் பனியன் எக்ஸ்போர்ட் முதலாளி ஒருவரின் டிரஸ்ட்டிலிருந்து அழைப்பிதழ். ஞாயிறு மண்டபத்தில் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை விழா. எங்கள் சித்ரா பெயர் மூன்றாவது. மஞ்சள் தடவி சாமி படத்தடியில் வைக்கத்தான் எடுத்தேன். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில்: "மூன்றாம் ஆண்டு. தந்தையை இழந்த மாணவி."

எழுத்துக் கூட்டி மறுபடி படித்தேன். அதேதான். அவள் அப்பா அந்நேரம் அருள்புரம் கம்பெனியில் பனியன் வெட்டிக்கொண்டிருந்தார். காலையில் கட்டிக்கொடுத்த தயிர்ச்சோறு கூட இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார்.

சாயங்காலம் காட்டினேன். கை கால் கழுவி, சாவகாசமாகப் படித்தார்.

"பரவால்ல புள்ள, எழுத்துப் பெசகு இல்லாம போட்டிருக்கான்."

"உங்களுக்குச் சிரிப்பா இருக்குதுங்களா?"

"செத்தா எல்லாருக்கும் செலவு. எனக்குப் பாரு, வரும்படி."

தட்டை வைத்த வேகத்தில் சுவரெல்லாம் ரசம். துடைக்கவில்லை. இருக்கட்டும்.

ஆடி 6, செவ்வாய்

விரதம். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் டிரஸ்ட் ஆபீஸ் போனேன். மேனேஜர் எழுந்து நாற்காலி போட்டான்.

"வாங்கக்கா, வாங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

"என்ற ஊட்டுக்காரரு உசுரோட இருக்கறாருங்க."

"தெரியுமுங்க."

தெரியுமாம்!

"முதலாளி அவங்க அப்பா நெனைப்புல வச்ச டிரஸ்ட்டுங்க. அப்பன் இல்லாத புள்ளைகளுக்குத்தான் குடுப்பாங்க. உங்க புள்ள மார்க்கப் பாத்து மனசு கேக்கலீங்க. நாந்தான் ஒரு வார்த்தை சேத்திப் போட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடைக்கு வர்றப்பப் பூ மட்டும் வேண்டாங்க. குங்குமத்துக்குப் பதிலா திருநீறு வச்சுக்கங்க. துணி வாங்கற வெள்ளைக்காரர் வர்றாரு, போட்டோ எடுப்பாங்க."

"உங்க ஊட்டுல பொண்டாட்டி இருக்கறாங்கல்ல? அவங்கள முதல்ல பூவ எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா" என்று வாசல் வரை வந்து, என் செருப்பைத் திருப்பிப் போட்டான். அந்த மரியாதைதான் இன்னும் எரிகிறது.

கடையில் காசு போட்டு ஹாஸ்டலுக்குப் போன்.

"எனக்குத் தெரியும்மா" என்றாள் சித்ரா.

"என்னடி தெரியும்?"

"மேனேஜர் கேட்டப்ப அப்பாதான் சரின்னாரு. அம்மாகிட்ட மூச்சு விடாதேன்னாரு." அழுதாள். "அஞ்சு நிமிசம்தானம்மா. ஃபீஸ் கட்டலைன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க."

கல்யாணமான நாளிலிருந்து செவ்வாய் தவறாமல் ஒருபொழுது. யாருடைய ஆயுசுக்கு? அந்த மனிதரே என்னைக் கேட்காமல் அந்த ஆயுசை ஒப்புக்கொடுத்திருக்கிறார். முருகா, உனக்கும் முன்னமே தெரியுமா?

ஆடி 8, வியாழன்

அவரோடு பேச்சில்லை. சோறு வைத்தேன், எடுத்தேன்.

யோசித்தவை: வளையல், போன வருடமே அடகு. பேங்க், ஜாமீன் கேட்கிறான். என் அண்ணன், கேட்க நாக்கு வராது. வேறு வழி என்று எழுத ஒன்றுமில்லை.

"நான் மண்டபத்துப் பக்கமே வர்ல. போதுமா?" என்றார்.

போகத்தான் வேண்டும். பூ வைத்துக்கொண்டு போவேன்.

ஆடி 11, ஞாயிறு

சேலைகூட மாற்றவில்லை. எழுதிவிடுகிறேன்.

மல்லிகை இரண்டு முழம். நெற்றியில் காசளவு குங்குமம். மேடைக்குப் பக்கத்தில் மேனேஜர் கைக்குட்டையை நீட்டினான். வாங்கி என் முகத்து வேர்வையை மட்டும் ஒற்றி, திருப்பிக் கொடுத்தேன். சித்ரா தலையே தூக்கவில்லை.

பிள்ளைகள், அம்மாக்கள் எல்லாரும் மேடையில் வரிசையாக. மற்ற அம்மாக்கள் வெறும் நெற்றியோடு. அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சம். அது வேறு கோபம். அவர்கள் துக்கத்தை என்னை இரவல் வாங்க வைத்துவிட்டார்களே.

மைக்கில்: "இந்தச் செல்வங்களின் மறைந்த தந்தையருக்காக, அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம்."

நாற்காலிகள் எல்லாம் இழுபட்டன. வெள்ளைக்காரரும் எழுந்தார். கடைசி வரிசையில், ஃபேனுக்கு அடியில், நீலக் கட்டம் போட்ட சட்டை. நான் தேய்த்த சட்டை. வரமாட்டேன் என்ற மனிதர். கையைக் கட்டி, தலை குனிந்து நிற்கிறார். அவருக்கு அவரே.

"ஏனுங்க! நீங்க உக்காருங்க!"

மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது. பழக்க தோஷம், டக்கென்று உட்கார்ந்துவிட்டார்.

முதலாளியம்மா என் பக்கம் திரும்பி, "யாருங்க அது?"

"அவருதானுங்க செத்துப்போனவரு."

எங்கோ ஒருவன் சிரித்தான். வெள்ளைக்காரருக்கு யார் என்ன சொன்னார்களோ, அவர் மட்டும் கை தட்டினார். சித்ராவுக்கு வைத்திருந்த கவர் தட்டிலேயே கிடந்தது. நாங்கள் இறங்கினோம்.

பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று சீட்டில்.

ஆடி 12, திங்கள்

மேனேஜர் ஆள் அனுப்பினான். பணம் இல்லையாம். "அக்கா இப்படிப் பண்ணிப்போட்டாங்களே, என்ற வேலைக்கே ஆபத்து" என்று சொல்லச் சொன்னானாம். பாவம்தான். இருந்தாலும் பாவம் பார்க்க முடியவில்லை.

சித்ரா முதல் பஸ்ஸில் போனாள். "நான் டாக்டராகறது உங்களுக்கு நெத்திப் பொட்டவிடச் சின்ன விசயம்" என்றாள். அடிக்கக் கை வந்தது. அடிக்கவில்லை.

ஆடி 16, வெள்ளி

அம்மன் கோயிலில் கூழ். தூக்குப்போசியில் வாங்கி வந்தேன்.

திங்கள் முதல் பக்கத்துத் தெரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறேன், ஓட்டை பார்த்துத் துணி பிரிக்க. அவர் கம்பெனியில் அட்வான்ஸ் கேட்டிருக்கிறார். இரண்டும் சேர்ந்தாலும் பாதிதான். காலேஜில் ஒரு மாதம் தவணை தந்திருக்கிறார்களாம், ஃபைனோடு. அடுத்த வீட்டுப் போனில் சித்ரா சொன்னது. என்னிடம் இல்லை. "அப்பாவக் குடுங்க" என்றாள். அவரிடம் ஏதோ சொன்னாள், அவர் சிரித்தார். என்னவென்று நான் கேட்கவில்லை.

சாப்பிடும்போது, "ஏம்புள்ள, ஒரு நிமிசம் வாய மூடியிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே?"

"முடிஞ்சிருக்குமுங்க."

சுவரில் ரசக்கறை அப்படியே. நாளை சனி. அவர் தலைக்கு எண்ணெய் காய்ச்ச வேண்டும்.