கொடிக்கயிற்றின் தொய்வு

தோஹா வெயிலில் நிற்கும் என்னவருக்கு,

போனில் என்றால் நீங்கள் என்னைப் பேச விடமாட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

கிளம்பும்முன் மொட்டைமாடியில் துணி காயப்போடக் கயிறு கட்டினீர்களே, "கொஞ்சங்கூடத் தொய்யக் கூடாது மக்கா" என்று மூச்சுப் பிடித்து இழுத்து? நேற்று ஒரே ஒரு ஈரப் போர்வையைப் போட்டேன். படீரென்று அறுந்துவிட்டது.

இன்று கல்லூரியில் மெக்கானிக்ஸ் வகுப்பில் அதையே பாடமாக்கினேன். கயிற்றை எவ்வளவு நேராக இழுத்துக் கட்டுகிறோமோ, அதே பாரத்துக்கு அதற்குள் அவ்வளவு அதிகமாக இழுவிசை ஏறும் என்று படம் போட்டுக் காட்டினேன். முன் பெஞ்சு ரெஜிஷா எழுந்து, "அப்போ போர்வை பாவம் மிஸ், கெட்டுனவருதான் குற்றவாளி" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

அடுத்த ஆண்டும் இந்தப் பாடம் எடுக்கச் சொல்லிக் கல்லூரி நிர்வாகத்தில் கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

எனக்காக நீங்கள் அனுப்பிய விசா தாள்கள் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன.

புதுக் கயிறு நானே கட்டினேன். நடுவில் நன்றாகத் தொய்கிறது, எல்லாத் துணியையும் தாங்குகிறது. நீங்கள் விட்டுப்போன நீலச் சட்டை நம் முட்டம் ஊர்க் கடற்காற்றில் அதில்தான் ஆடுகிறது. லீவுக்கு வாருங்கள். வந்ததும் அதை இழுத்துக் கட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
இங்கேயே இருக்கும் உங்களவள்